இரண்டு பல்பு எரிய 384 பவுண்ட்

நான்கு வாட் எல்இடி பல்பு இரண்டு, தோட்டத்து ஷெட்டில் சோலாரில் எரிய வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அந்த இரண்டும் டிசம்பர் மாதத்தில் எரிவதற்கு எனக்கு எட்டு மாதமும் 384 பவுண்டும் ஆனது. அதில் 234 பவுண்ட் வீணாய்ப் போன காசு. முதலிலேயே யாராவது ஒருவர் உட்காரவைத்து அரை மணி நேரம் பேசியிருந்தால் அது மிச்சமாகியிருக்கும். அப்படி யாரும் எனக்கு வாய்க்கவில்லை. வீட்டில் சொல்லவும் கூச்சம். அதனால் நடந்ததை நடந்தபடி இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது வடமேற்கு லண்டனில். வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் எங்கள் அலாட்மென்ட். கேள்விப்படாதவர்களுக்கு: இங்கிலாந்தில் உள்ளாட்சி மன்றங்கள் ஊருக்குள் இருக்கும் நிலத்தைத் துண்டு போட்டு, காய்கறி பயிரிட்டுக்கொள்ளக் குறைந்த வாடகைக்குக் கொடுப்பார்கள். 1908-இல் வந்த சட்டமே இதற்கு உண்டு. அளவுகூட இன்னும் அந்தக் காலத்து ராட் கணக்கில்தான் சொல்கிறார்கள். முழுத் துண்டு 10 ராட், ஏறக்குறைய 250 சதுர மீட்டர், நம் கணக்கில் ஆறு சென்டுக்குக் கொஞ்சம் மேல். எனக்குக் கிடைத்தது பாதித் துண்டு. அந்த மூன்று சென்டுக்கு நான்கு வருஷம் காத்திருப்புப் பட்டியலில் இருந்தேன். பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்பில் பிறந்து வளர்ந்தவள் நான். மூன்று சென்ட் நிலத்துக்கு நான்கு வருஷம் காத்திருந்தேன் என்றதும் அப்பா போனில் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

துண்டோடு சேர்ந்து ஆறடிக்கு நாலடி மர ஷெட் ஒன்றும் வந்தது. மண்வெட்டி, வாளி, விதை டப்பா எல்லாம் அதற்குள். தண்ணீர்க் குழாய் பொதுவாக உண்டு, கரன்ட் கிடையாது. கோடையில் அது ஒரு குறையாகவே தெரியாது. அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள் பாருங்கள், அப்போதுதான் வினை ஆரம்பிக்கும். டிசம்பர் நடுவில் மாலை நாலு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். வேலை முடித்து நான் போய்ச் சேருவது ஐந்து மணிக்கு. முதல் குளிர்காலத்தை போனை வாயில் கவ்விக்கொண்டு பூண்டு நட்டே ஓட்டினேன். இரண்டாவதற்கு முன் ஒரு விளக்கு போட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

2023 ஜூனில் சாமான் வாங்கினேன். ஜூனில் வாங்கியதே முதல் தப்பு என்று இப்போது சொல்வேன். அந்த மாதம் இங்கே இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். இந்த ஊரில் வெயிலுக்குப் பஞ்சம் உண்டு என்பதே மறந்துபோகும். சோலாரைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம் என்ற திமிர் வேறு. ஊரில் அப்பா சோலார் மோட்டார் போட்டுத்தான் தண்ணீர் பாய்ச்சுகிறார். "வெயிலே இல்லாத ஊர்ல சோலாரா கண்ணு?" என்று அவர் கேட்டதற்கு, "போங்கப்பா, ஒரு பல்புக்கு எவ்வளவு வெயில் வேணும்?" என்று பதில் சொன்னேன். அந்தக் கேள்வியை அப்போதே உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்திருக்கலாம்.

இணையத்தில் ஒரு கடையில் '100 வாட்' பேனலும், பேட்டரிக்கு அளவாகச் சார்ஜ் ஏற்றும் சார்ஜ் கன்ட்ரோலரும் சேர்ந்து 69 பவுண்ட். வீட்டு பல்பையே மாட்டிக்கொள்ளலாம் என்று, பேட்டரி கரன்டை வீட்டுக் கரன்டாக மாற்றும் 300 வாட் இன்வெர்ட்டர் ஒன்று, 42 பவுண்ட். பல்பு, ஹோல்டர், ஒயர் எல்லாம் சேர்த்து 18. பேட்டரிக்குச் செலவில்லை, காருக்குப் புதுசு மாற்றியபோது கழற்றிய 60 ஆம்பியர்-மணி பேட்டரி வீட்டில் கிடந்தது. பேனலை ஷெட்டின் கூரைமேல் படுக்க வைத்து நான்கு ஸ்க்ரூ முடுக்கினேன். எல்லாம் ஒரு சனிக்கிழமை மதியத்துக்குள் முடிந்தது. ஸ்விட்சைப் போட்டதும் பல்பு எரிந்தது. போட்டோ எடுத்து ஊரெல்லாம் அனுப்பினேன். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்று மாதமும் ஒரு நாள்கூட ஏமாற்றவில்லை. அந்த மூன்று மாதமும் எனக்கு விளக்கே தேவைப்படவில்லை என்பது வேறு விஷயம்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. தூறல், கும்மிருட்டு. ஷெட்டுக்குள் நுழைந்து ஸ்விட்சைத் தட்டினால் பல்பு ஒரு தரம் கண் சிமிட்டிவிட்டு அணைந்தது. இன்வெர்ட்டர் மட்டும் கீச் கீச்சென்று கத்திக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தப் போய் ஓர் அடி எடுத்து வைத்தேன். கீழே கிடந்த பல்லுக்கட்டையின், அதாவது மண் வாரும் ரேக்கின், தலையில் கால் பட்டு, அதன் காம்பு எழும்பி வந்து புருவத்தில் அடித்தது. வீட்டில் கதவில் இடித்துக்கொண்டதாகச் சொன்னேன். வலியைவிட எரிச்சல்தான் அதிகம். ஒரு மாசத்துக்கு முன்தான் எல்லோரிடமும் பெருமை அடித்திருந்தேன்.

பழைய பேட்டரி, போயிருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். ஒரு விஷயத்தில் அது சரிதான். கார் பேட்டரி என்பது வண்டியைக் கிளப்ப ஓரிரு நொடி பெரிய கரன்டைக் கொடுக்கச் செய்தது. உள்ளே தகடுகள் மெலிதாக இருக்கும். அதை நாள்தோறும் பாதிக்கு மேல் வடியவிட்டால் சீக்கிரம் செத்துவிடும். ஆனால் ஏன் வடிந்தது என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. கேரவன்காரர்கள் பயன்படுத்தும் லெஷர் பேட்டரி ஒன்று, 110 ஆம்பியர்-மணி, 105 பவுண்ட் கொடுத்து வாங்கினேன். ஏறத்தாழ 25 கிலோ. வாசல் கேட்டிலிருந்து ஷெட் வரை தள்ளுவண்டியில் வைத்துச் சேற்றில் தள்ளிக்கொண்டு போனேன்.

அடுத்து நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இந்தக் கட்டுரையில் முக்கியமான இடமே இதுதான். புதுப் பேட்டரியில் இரண்டாவது கிளிப்பைக் கடிக்க வைத்ததும் படீரென்று பொறி. மூன்று நான்கு நொடிக்குள் ஒயரின் பிளாஸ்டிக் உருகி, பலகை ஓரமாகப் புகை. எனக்குக் கை கால் ஓடவில்லை. தோட்டத்துக் கையுறை போட்டிருந்ததால் கிளிப்பைப் பிடுங்கி எறிய முடிந்தது. பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால், அலமாரிக்கு அடியில் எலி ஒயரைக் கடித்து, செம்புக் கம்பி இரண்டும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருந்தது. பழைய பேட்டரி சக்தியில்லாமல் கிடந்ததால் அதுவரை தெரியவில்லை. நல்ல நிலையில் இருக்கும் லெட்-ஆசிட் (ஈயமும் அமிலமும் கொண்ட) பேட்டரி ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். 12 வோல்ட்தானே, தொட்டால் ஷாக்கூட அடிக்காதே என்று நினைத்திருந்தேன். ஷாக் அடிக்காது, தீ பிடிக்கும். அந்தப் பலகையிலிருந்து இரண்டடி தூரத்தில் புல்வெட்டும் மெஷினுக்கான பெட்ரோல் கேன் இருந்தது.

இதற்கு மருந்து ஒரு ஃப்யூஸ். கார்களில் இருக்குமே, இரண்டு கால் வைத்த சின்னப் பிளாஸ்டிக் ஃப்யூஸ், அதுவே போதும். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வைக்க வேண்டும். தள்ளி வைத்தால் பேட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் நடுவில் இருக்கும் ஒயருக்குக் காவல் இல்லை. ஃப்யூஸின் அளவு அந்த ஒயர் தாங்குவதைவிடக் குறைவாக இருக்க வேண்டும், என்னுடைய 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயருக்கு 10 ஆம்பியர் போட்டிருக்கிறேன். எலி வரும் இடங்களில் ஒயரைக் குழாய்க்குள் விட்டு இழுங்கள். இதையெல்லாம் அன்றே செய்தேன் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. மிச்சம் இருந்த ஒயரை மாட்டி, முருகா என்று மறுபடி கிளிப்பைக் கடிக்க வைத்தேன். ஃப்யூஸ் போட வேண்டும் என்பது பிப்ரவரியில்தான் உறைத்தது.

புதுப் பேட்டரி எட்டு நாள் தாங்கியது. ஒன்பதாம் நாள் போனால் அதே கீச் கீச். அன்று ஷெட் வாசலில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். 105 பவுண்ட் என்பதற்காக மட்டும் அழவில்லை. தோட்டக்காரர் மகள், ஒரு பல்பு எரியவைக்கத் துப்பில்லை என்று தோன்றியது. எப்படியோ போகட்டும் என்று பூட்டிவிட்டு வந்தேன். டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பினோம், மூன்று வாரம். லெட்-ஆசிட் பேட்டரியை வடிந்த நிலையில் அப்படியே போட்டுவைத்தால் தகடுகளில் சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பிடிக்காது. இது தெரியாமல்தான் போனேன். ஜனவரியில் திரும்பி வந்து பார்த்தபோது அது வெறும் 25 கிலோ ஈயம். கடைசியில் மறுசுழற்சி மையத்தில் கொண்டுபோய்ப் போட்டேன்.

என் துண்டுக்கு இரண்டு துண்டு தள்ளி யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் வெங்காயமும் கீரையும் போடுகிறார். வயது அறுபதுக்கு மேல். அதுவரை வணக்கம் சொல்வதோடு சரி. அன்று நான் செத்த பேட்டரியைத் தள்ளுவண்டியில் ஏற்றப் படாத பாடு படுவதைப் பார்த்துவிட்டு வந்தார். கூரையை அண்ணாந்து பார்த்து, "பிள்ளை, உந்தப் பனலை ஏன் உப்பிடிப் படுக்கப் போட்டு வைச்சிருக்கிறியள்? இஞ்சை மாரியிலை வெயில் மேலாலை வராது. பக்கத்தாலைதான் வரும். நிமித்தி வையுங்கோ" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பொள்ளாச்சியில் டிசம்பர் உச்சிவெயிலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 56 பாகை உயரத்தில் நிற்கும். லண்டனில் அதே நாள், அதே நடுப்பகலில் வெறும் 15 பாகை. நான் பேனலை வைத்தது பொள்ளாச்சிச் சூரியனுக்கு. இங்கே படுக்க வைத்த பேனலுக்கு ஜூனில் கிடைப்பதில் எட்டில் ஒரு பங்கு டிசம்பரில் கிடைத்தாலே பெரிது. குளிர்காலத்துக்கென்று வைப்பதானால் தெற்கு பார்த்து 65, 70 பாகை நிமிர்த்தி, ஏறக்குறையச் சுவர்போல நிறுத்த வேண்டும். கோடையில் அதனால் கொஞ்சம் குறையும், குறையட்டும். அப்போது யாருக்கு விளக்கு வேண்டும்?

அண்ணை அதோடு விடவில்லை. வீட்டுக்குப் போய் மல்டிமீட்டரும் தன் கார் பேட்டரியும் கொண்டுவந்தார். எல்லா பல்பையும் அணைத்துவிட்டு, இன்வெர்ட்டரை மட்டும் ஆன் செய்து, அது எவ்வளவு கரன்ட் இழுக்கிறது என்று அளந்தோம். 0.6 ஆம்பியர். ஒன்றுமே எரியாதபோது! நான் அதை ஜூனில் ஆன் செய்தவள், ஒரு நாளும் அணைத்ததில்லை. 24 மணி நேரத்தால் பெருக்கினால் நாளுக்கு 14.4 ஆம்பியர்-மணி, 12 வோல்ட்டில் ஏறத்தாழ 173 வாட்-மணி. என் பல்புகளுக்கு ஒரு மாலைக்குத் தேவையானது 16 வாட்-மணி. அதாவது விளக்கைவிடப் பத்து மடங்குக்கும் மேல், விளக்குக்குக் காவல் நின்ற பெட்டி தின்றிருக்கிறது. கோடையில் பேனல் கொண்டுவந்ததும் இது தின்றதும் ஏறக்குறையச் சரியாகப் போனதால் எனக்குத் தெரியவே இல்லை. நவம்பரில் வரவு நின்றது, செலவு நிற்கவில்லை. நான் பிழைப்புக்குச் செய்வது கணக்கு வழக்கு பார்க்கும் வேலை. இதைச் சொல்லும்போது அண்ணை சிரிக்காமல் இருந்தது அவருடைய பெரிய மனசு.

ஆகவே விளக்குக்கு மட்டும் என்றால் இன்வெர்ட்டரே வாங்காதீர்கள். 12 வோல்ட்டில் நேரடியாக எரியும் எல்இடி பல்புகள் படகுகளுக்கும் கேரவன்களுக்கும் என்றே விற்கின்றன. 10 முதல் 30 வோல்ட் வரை தாங்கும் என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். '12 வோல்ட் பேட்டரி' என்று பெயர்தானே தவிர, சார்ஜ் ஏறும்போது 14 வோல்ட்டுக்கு மேலேயும் போகும். மல்டிமீட்டரை எல்லாவற்றுக்கும் முன்னால் வாங்குங்கள். லெட்-ஆசிட் பேட்டரி சில மணி நேரம் சும்மா இருந்தபின் 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி, 11.8 என்றால் தொட்டியில் அடிமண்தான் மிச்சம். பாதிக்குக் கீழே இறங்கவிடாமல் வைத்திருந்தால் பல வருஷம் உழைக்கும்.

பேனலில் இன்னொரு மோசடியும் வெளியே வந்தது. 100 வாட் என்று விற்றதை அளந்து பார்த்தேன்: 54 சென்டிமீட்டருக்கு 45. கால் சதுர மீட்டர்கூட இல்லை. பேனல்களைச் சோதிக்கும்போது வைத்துக்கொள்ளும் கணக்கு ஒரு சதுர மீட்டருக்கு 1000 வாட் வெயில். நல்ல பேனல் அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கரன்டாக்கும். அப்படியானால் 100 வாட் பேனல் அரை சதுர மீட்டராவது இருந்தாக வேண்டும். என்னுடையது 50 வாட்டைத் தொடாது. வாங்கும் பக்கத்தில் நீள அகலம் கட்டாயம் போட்டிருக்கும், அதை மட்டும் பெருக்கிப் பார்த்திருந்தால் போதும். திருப்பிக் கொடுக்கலாம் என்றால் கெடு முடிந்து மாதங்கள் ஆகியிருந்தன.

நிழல் கணக்கு அதைவிடக் கொடுமை. ஷெட்டுக்குத் தெற்கே இரண்டு மீட்டரில் எல்லை வேலி, இலை உதிராத லேலண்டி மரங்கள், மூன்று மீட்டர் உயரம். கோடையில் சூரியன் 62 பாகையில் நிற்கும்போது அதன் நிழல் ஷெட்டை எட்டவே இல்லை. 15 பாகைச் சூரியனுக்கு அந்த வேலியின் நிழல் தரையில் 11 மீட்டர் விழுகிறது. நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி முடிய என் பேனல் நேர் வெயிலையே பார்த்திருக்காது. பேனல் முழுதும் மறைய வேண்டும் என்றுகூட இல்லை. உள்ளே செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்திருக்கும். வாய்க்காலில் ஓரிடத்தில் அடைப்பு விழுந்தால் கடைமடை காய்வதுபோல, இரண்டு செல்லில் விழும் நிழல் பாதிப் பேனலைக் கெடுத்துவிடும். ஆகவே பேனல் வைக்கும் இடத்தை டிசம்பரில் நடுப்பகலில் போய் நின்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஜூனில் தேர்ந்தெடுத்தால் என் கதிதான். எந்த ஊரில், எந்தச் சாய்வில், எந்த மாதம் எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு ஐரோப்பிய ஆணையம் நடத்தும் பிவிஜிஐஎஸ் என்ற இலவச இணையக் கணிப்பான் இருக்கிறது. ஆண்டு மொத்தத்தைப் பார்த்து மயங்க வேண்டாம், டிசம்பர் வரியை மட்டும் பாருங்கள்.

பிப்ரவரியில் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு, இந்தத் தடவை பல்பிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டு பல்பு, எட்டு வாட், ஒரு மாலைக்கு இரண்டு மணி நேரம், 16 வாட்-மணி. வாரம் மூன்று நாள் போனால் 48. கன்ட்ரோலர் தன் பங்குக்கு 10 மில்லிஆம்பியர் இழுக்கும், அது வாரத்துக்கு 20 சொச்சம். ஆக வாரம் 70 வாட்-மணி. அமிலம் சிந்தாத லெட்-ஆசிட் வகையான ஏஜிஎம் பேட்டரி ஒன்று, 22 ஆம்பியர்-மணி, அதில் பாதியை மட்டும் எடுத்தாலே 132 வாட்-மணி வரும். கிட்டத்தட்ட இரண்டு வாரம் சூரியனே தலைகாட்டாவிட்டாலும் தாங்கும். அது ஆறு ஏழு கிலோதான் என்பது எனக்கு இன்னும் பெரிய விஷயம். ரொம்ப மோசமான மாதம் வந்தால் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்து சார்ஜரில் போட்டுவிடலாம். 110-ஐ அப்படித் தூக்க முடியுமா?

லித்தியம் வாங்கலாமே என்று கேட்பீர்கள். எடை குறைவு, ஆயுள் அதிகம், எல்லாம் உண்மை. ஆனால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியைப் பூஜ்யம் டிகிரி செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் செய்தால் நிரந்தரமாகக் கெடும். இங்கே குளிர்காலத்தில் பளிச்சென்று வெயில் அடிக்கும் காலைதான் உறைபனியும் கொட்டும் காலை. ஷெட்டுக்குள் பேட்டரி உறைந்து கிடக்கும், பேனல் ஜோராகக் கரன்ட் அனுப்பும். குளிரில் தானே சார்ஜை நிறுத்திக்கொள்ளும் வசதி உள்ளதா என்று பார்த்து வாங்கினால் சரி, மலிவான பலவற்றில் அது இல்லை. எனக்கு இதற்கு மேல் பரீட்சை எழுதத் தெம்பில்லை.

புதுச் செலவு இப்படி: அளந்து பார்த்து வாங்கிய 50 வாட் பேனல் 45 பவுண்ட், கன்ட்ரோலர் 16, பேட்டரி 48, எட்டு மீட்டர் தடித்த ஒயர் 20, ஃப்யூஸும் அதன் ஹோல்டர்களும் 9, பல்பு இரண்டும் 12. மொத்தம் 150. பேனலை ஷெட்டிலிருந்து விலக்கி, வேலியிலிருந்து பத்து மீட்டர் தள்ளி, ஆள் உயரத்துக்குக் கட்டைக் கால் நட்டு நிறுத்தினேன். கட்டை, குப்பைக்குப் போட்டிருந்த மரச்சட்டங்களிலிருந்து எடுத்தது. பேனலுக்கான ஒயர் 4 சதுர மில்லிமீட்டர். 12 வோல்ட்டில் ஒயரின் தடிமனில் கஞ்சத்தனம் கூடாது. நான் முதலில் வைத்திருந்த முக்கால் சதுர மில்லிமீட்டர் ஒயரை இந்தத் தூரத்துக்கு இழுத்திருந்தால் நல்ல வெயிலில் ஒரு வோல்ட் வழியிலேயே சூடாகப் போயிருக்கும். இதில் போவது 0.2 வோல்ட்டுக்கும் குறைவு.

மாட்டும்போது ஒரு வரிசை இருக்கிறது: கன்ட்ரோலரில் முதலில் பேட்டரி, அப்புறம் பேனல். கழற்றும்போது முதலில் பேனல், கடைசியில் பேட்டரி. பேட்டரி இல்லாமல் பேனலை மட்டும் கொடுத்தால் 20 வோல்ட்டுக்கு மேல் நேராகப் பாய்ந்து சில கன்ட்ரோலர்கள் கெட்டுப்போகும். கட்டைக் கால் நடுவதற்கு முன் அலாட்மென்ட் செயலரிடம் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டேன். குத்தகை விதிகள் ஊருக்கு ஊர் மாறும், உங்களுடையதைப் படித்துவிடுங்கள். திருட்டுப் பயமும் உண்டு. கழற்றவே முடியாத ஒருவழி ஸ்க்ரூ போட்டு, பேனலின் முதுகில் அஞ்சல் குறியீட்டைப் பெரிதாக எழுதிவைத்தேன். பெட்ரோல் கேனை பேட்டரி இருக்கும் ஷெட்டில் வைப்பதை விட்டுவிட்டேன்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வாரத்துக்கு ஒரு தரம், அதுவும் அரை மணி நேரம்தான் போவீர்கள் என்றால் இது எதுவுமே வேண்டாம். நெற்றியில் மாட்டும் சார்ஜ் லைட் ஒன்று 15 பவுண்டுக்குக் கிடைக்கும், இரண்டு கையும் காலியாக இருக்கும். நான் ஏன் அதை முதலில் வாங்கவில்லை என்று என் கணவர் கேட்டார். கணக்கு முழுதையும் அவரிடம் ஒப்புக்கொண்ட ராத்திரி அது. நாலு சுவருக்குள் ஸ்விட்ச் போட்டதும் விளக்கு எரிய வேண்டும், கெட்டிலில் கொண்டுபோன டீயை ஸ்டூல்மேல் உட்கார்ந்து குடிக்க வேண்டும் என்ற ஆசைதான். வேறு பதில் என்னிடம் இல்லை. அப்பாவிடம் தொகையைப் பவுண்டிலேயே சொன்னேன். அவர் மனதுக்குள் நூறால் பெருக்கிவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி விடு கண்ணு" என்றார்.

2024 டிசம்பர் 21, வருஷத்தின் மிகக் குட்டையான பகல். சாயங்காலம் போய் மீட்டரை வைத்தேன்: 12.6. ஜனவரியில் தொடர்ந்து பத்து நாள் மூட்டமாக இருந்தபோது 12.4 வரை இறங்கியது, அதற்குக் கீழே போகவில்லை. ஒரு தரம்கூட பேட்டரியை வீட்டுக்குத் தூக்கி வரவில்லை. மல்டிமீட்டர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, அண்ணை கேட்கவும் இல்லை. போன வாரம் அவர் வந்து, "பிள்ளை, எனக்கும் உப்பிடி ஒண்டு பூட்டித் தாங்கோவன்" என்றார். அவருடைய துண்டுக்குப் போய் ஷெட் வாசலில் தெற்கு பார்த்து நின்றேன். எதிரே எட்டடியில் ஒரு பெரிய ஹாலி மரம், குளிர்காலத்திலும் இலை உதிராதது, அடுத்த துண்டுக்காரருடையது. நெற்றி லைட் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.